யாருக்கு என்று கேட்காமல் இருக்கப் பழகினேன்

அந்தப் பையனுக்கு அப்போது ஆறு வயது. அவனுடைய தம்பி பல வாரங்கள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பியிருந்தான். தம்பி தேறிவிட்டான். பேச்சு குறைந்துபோனது அண்ணனுக்குத்தான். பள்ளியில் கூப்பிட்டால் தலையை மட்டும் ஆட்டுவான். இரவில் விளக்கை அணைக்க விடமாட்டான். குழந்தைகளுக்கு விளையாட்டு வழியாகச் சிகிச்சை தரும் என்னிடம் வந்த முதல் இரண்டு அமர்வுகளிலும் கார்களை வரிசையாக அடுக்கிவிட்டுப் போய்விட்டான். மூன்றாவது முறை, கூடையில் கிடந்த ஆமைப் பொம்மைக்குள் கையை விட்டான். ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்கிற மாதிரி தைத்த கைப்பாவை அது. தலையை உள்ளே இழுத்தான். ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தான். அப்புறம் மெல்லிய குரலில் சொன்னான்: "உள்ள இருட்டா இருக்கு. பயமா இருக்கு."

எனக்கு நெஞ்சு படபடத்தது. இதற்காகத்தானே மூன்று வாரமாகக் காத்திருந்தேன்! குனிந்து, என்னால் முடிந்த அளவு கனிவாக, "உனக்கா கண்ணா பயமா இருக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

"ஆமைக்கு" என்றான். பொம்மையைக் கழற்றிக் கூடையில் போட்டான். கார்களிடம் போய்விட்டான். அதற்குப் பிறகு நான்கு வாரம் அந்தக் கூடைப் பக்கம் அவன் திரும்பவே இல்லை.

குழந்தைகளுக்கான விளையாட்டு சிகிச்சையில் நான் கற்றுக்கொண்ட பெரும்பாலானவை இந்த ஒரு தவறிலிருந்து கிளைத்தவைதான். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். இங்கே வரும் குழந்தைகளை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்பதற்காக வயது, குடும்ப விவரம் போன்றவற்றை மாற்றியிருக்கிறேன். அவர்களுடைய பொம்மைகள் பேசியதை மட்டும் மாற்றவில்லை.

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. "பயமா இருக்கு" என்று சொன்னால் வாக்கியம் முடிந்துவிடும். யாருக்கு என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. "அழுகையா வருது", "கோபமா வருது", "பிடிக்கல" எல்லாமே அப்படித்தான். உணர்ச்சி நடுவில் நிற்கும், அதற்குச் சொந்தக்காரர் யார் என்பது திறந்தே கிடக்கும். குழந்தை அந்தத் திறந்த இடத்தில் நின்றுகொண்டுதான் பேசுகிறது. பாதி ஆமை, பாதி தான். நாம் போய் "உனக்கா?" என்று கேட்ட உடனே, கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி ஆகிவிடுகிறது அதற்கு. பெரியவர்களும் இதைத்தானே செய்கிறோம். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு இப்படி ஒரு பிரச்சினை" என்று ஆரம்பிக்கிறவரிடம் "அது நீங்கதானே?" என்று கேட்டால் அந்தப் பேச்சு அங்கேயே செத்துவிடும்.

பிரிட்டிஷ் குழந்தை மருத்துவரும் மனப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகாட் 1953-இல் வெளியான கட்டுரையில், குழந்தைகள் விடாமல் கட்டிக்கொண்டு தூங்கும் துணி, பொம்மை போன்றவற்றைப் பற்றி எழுதினார். அதில் ஒரு கருத்து வரும்: இதை நீயே கற்பனை செய்தாயா, இல்லை வெளியிலிருந்து உனக்குக் கிடைத்ததா என்று அந்தக் குழந்தையிடம் நாம் ஒருபோதும் கேட்க மாட்டோம், அது நமக்கும் குழந்தைக்கும் உள்ள ஓர் உடன்பாடு. நான் படிக்கிற காலத்தில் இந்த வரியை அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். தேர்வுக்கு எழுதியும் இருக்கிறேன். ஆமை கூடைக்குத் திரும்பிப் போன அன்று இரவுதான் அது எனக்குப் புரிந்தது.

பொம்மையை வைத்துச் சிகிச்சை செய்வது புதிதாக வந்த விஷயம் இல்லை. நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் லாரெட்டா பெண்டர், அடால்ஃப் வோல்ட்மன் இருவரும் நடத்தைச் சிக்கல் உள்ள குழந்தைகளுக்குப் பொம்மலாட்டம் காட்டி, அதைச் சிகிச்சை முறையாக வைத்து 1936-லேயே கட்டுரை எழுதிவிட்டார்கள். அங்கே பெரியவர்கள் ஆட்டினார்கள், குழந்தைகள் பார்த்தார்கள். பின்னால் வந்தவர்கள் பாவையைக் குழந்தையின் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947-இல் எழுதிய விளையாட்டு சிகிச்சை நூலின் அடிப்படையே குழந்தை முன்னால் போகும், சிகிச்சையாளர் பின்னால் வருவார் என்பதுதான். நான் அந்த வழியில் பயின்றவள். அப்படியிருந்தும் ஓர் ஆமை தலையை இழுத்தபோது குழந்தைக்கு முன்னால் ஓடிவிட்டேன்.

சரி, இப்போது என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன்.

குழந்தையின் கையில் பொம்மை இருந்தால் என் கண் பொம்மையின் கண்ணைத்தான் பார்க்கும். கேட்கச் சுலபமாக இருக்கும், செய்வது கஷ்டம். குழந்தை பேசினால் அதன் முகத்தைப் பார்ப்பது நமக்கு ஊறிப்போன பழக்கம். ஆனால் குழந்தை பொம்மையின் வாயை அசைத்துப் பேசும்போது நாம் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், "நீதான் பேசுறேன்னு எனக்குத் தெரியும்" என்று கண்ணாலேயே சொன்ன மாதிரி. நான் பொம்மையைப் பார்த்து, பொம்மையிடமே கேட்பேன்: "ஆமையாரே, உள்ள எப்படி இருக்கு?" குழந்தையின் முகம் ஓரக்கண்ணில் தெரிந்தால் போதும். பொம்மை சிரித்துக்கொண்டே பேசும், குழந்தையின் தோள் இறுகியிருக்கும். அதை மனசில் குறித்துக்கொள்வேன், வாயைத் திறக்க மாட்டேன்.

அடுத்தது, நானும் ஒரு பொம்மையை எடுத்துக்கொள்வது. எப்போதும் இல்லை. குழந்தை "நீங்க இதை வச்சுக்கோங்க" என்று கொடுத்தால் உடனே மாட்டிக்கொள்வேன். என் பொம்மைக்கு எதுவும் தெரியாது, இது எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி. அதற்கு அறிவுரை சொல்லத் தெரியாது, நியாயம் பேசத் தெரியாது, சில சமயம் எண்ணக்கூடத் தெரியாது. குழந்தைதான் அதற்குச் சொல்லித்தர வேண்டும். வீட்டிலும் பள்ளியிலும் நாள் முழுக்க யாராவது எதையாவது கற்றுக்கொடுத்துக்கொண்டே இருக்கும் ஒரு குழந்தைக்கு, தன்னைவிட ஒன்றும் தெரியாத ஓர் எலி கிடைப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை அதன் முதுகு நிமிர்வதிலேயே பார்க்கலாம்.

என்ன பேச வேண்டும் என்று தெரியாதபோது குழந்தையிடமே கிசுகிசுப்பாகக் கேட்டுவிடுவேன். "இப்ப எலி என்ன சொல்லணும்?" குழந்தையும் கிசுகிசுப்பாகவே பதில் சொல்லும். அதை அப்படியே எலியின் குரலில் சொல்வேன். கதையின் சொந்தக்காரர் குழந்தை, நான் கூலிக்கு நடிக்கிற ஆள், அவ்வளவுதான். என் ஊகம் கதைக்குள் நுழையாமல் தடுக்க இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

வாய் அசையாமல் பேசும் வித்தை தேவையா என்று பலர் கேட்பதுண்டு. தேவையே இல்லை. நான்கு வயதுக் குழந்தை ஒன்று ஒருநாள் என்னை நேராகப் பார்த்து, "இது பேசல, நீங்கதான் பேசுறீங்க. உள்ள உங்க கை இருக்கு" என்றது. "ஆமா, என் கைதான்" என்றேன். கையை வெளியே எடுத்தும் காட்டினேன். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, "சரி, மறுபடி போடுங்க. அது அழுதுட்டு இருந்துச்சுல்ல" என்றது. குழந்தைகளை நாம் ஏமாற்றுவதில்லை. அது வெறும் துணி என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் அதோடு பேசுகிறார்கள். அதனால் பொம்மைக்கு உயிர் இருக்கிறது என்று நான் யாரிடமும் சாதித்ததில்லை.

இனி கூடையைப் பற்றி. இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது. ஆரம்பத்தில் என் கூடை முழுக்க அழகான பொம்மைகள்தான். எல்லாம் சிரித்துக்கொண்டிருக்கும். பளிச்சென்ற நிறம், பல் தெரியச் சிரிப்பு. அந்த முகத்தை வைத்துக்கொண்டு ஒரு குழந்தை எப்படி அழும்? ஒரு சிறுமி சிரித்த முகக் குரங்கைக் கையில் மாட்டி, அதன் முகத்தைச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு பேசினாள். அன்றைக்கே அந்தக் கூடையைப் பிரித்தேன். இப்போது என்னிடம் இருப்பவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எந்த உணர்ச்சியும் இல்லாத சாதாரண முகம். உணர்ச்சியைக் குழந்தை போட்டுக்கொள்ளும்.

வாய் திறந்து மூடுகிற பொம்மைகள் அவசியம் வேண்டும். பேச, கடிக்க, விழுங்க, துப்ப வாய்தான் வழி. கடிக்கிற ஒன்று, ஒளிந்துகொள்கிற ஒன்று, பறந்து தப்பிக்கிற ஒன்று, பார்த்துக்கொள்கிற பெரிய உருவம் ஒன்று, பார்த்துக்கொள்ளப்பட வேண்டிய சின்னஞ்சிறு உருவம் ஒன்று என இந்த ஐந்து குணமும் கூடையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். என்னிடம் முதலை, ஆமை, பறவை, பெரிய நாய், எலி. அவற்றோடு ஒரு குடும்பம், ஒரு மருத்துவர், ஒரு ராஜா, என்ன மிருகம் என்றே சொல்ல முடியாத ஓர் ஊதா நிற உருவம். கடைசியாகச் சொன்ன அதைத்தான் அதிகம் எடுக்கிறார்கள். அதற்கு ஏற்கெனவே ஒரு கதை கிடையாது, அதனால் இருக்கலாம். குழந்தையின் கை உள்ளே போகிற அளவும் முக்கியம். பெரியவர்கள் கைக்கு அளவெடுத்த பாவையைக் குழந்தை மாட்டினால் தலை தொங்கிவிடும். தலை தொங்கிய பொம்மைக்குச் சோகம் தவிர வேறொன்றும் வராது. அது குழந்தையின் சோகமா, தையலின் கோளாறா என்று நமக்கும் தெரியாது.

நிறையப் பொம்மைகள் இருந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். இருபதுக்கு மேல் போனால் சில குழந்தைகள் எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டே நேரத்தைக் கழித்துவிடுகிறார்கள். நான் பதினைந்தோடு நிறுத்திவிட்டேன். அதே பொம்மைகள், அதே கூடை, ஒவ்வொரு வாரமும் அதே இடத்தில். பிய்ந்துபோனால் தைத்துவிடுவேன், தூக்கிப் போட மாட்டேன். தையல் போட்ட காதைப் பார்த்து "இதுக்கு ஆபரேஷன் ஆச்சா?" என்று கேட்டு, அதிலிருந்து முக்கால் மணி நேரம் ஓடிய கதைகள் உண்டு.

துவைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. சுத்தம் வேண்டும், பல கைகள் படுகின்றன, சில வாய்களும் படுகின்றன. ஒருமுறை எல்லாவற்றையும் ஒன்றாகத் துவைத்துக் காயவைத்து அடுக்கிவிட்டேன். மறுநாள் வந்த சிறுமி நாயை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது அது இல்ல" என்று கீழே வைத்துவிட்டாள். வினிகாட் இதையும் எழுதியிருக்கிறார். குழந்தையின் பிரியமான துணியைத் தாய் அழுக்காகவே விட்டுவைக்கிறாள், துவைத்தால் குழந்தைக்கு ஒரு தொடர்ச்சி அறுந்துபோகும் என்று அவளுக்குத் தெரியும் என்கிறார். இப்போதெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: "அடுத்த வாரம் நாய் குளிச்சிருக்கும். வாசனை மாறியிருக்கும். ஆனா அதே நாய்தான்."

குழந்தை எதை எடுக்கிறது என்பதைப் பார்க்கிற அளவுக்கு, எதைத் தொடாமல் விடுகிறது என்பதையும் பார்க்கிறேன். ஆனால் முதலை என்றால் கோபம், ராஜா என்றால் அப்பா என்று அகராதி போட்டுவைப்பது ஆபத்து. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ஓர் எட்டு வயதுப் பையன். வகுப்பில் எல்லோரையும் அடிக்கிறான் என்று அழைத்து வந்தார்கள். வந்ததும் முதலையை எடுத்தான். எலியைக் கடித்தான், நாயைக் கடித்தான், ராஜாவின் கிரீடத்தைக் கடித்தான். நான் என் குறிப்பேட்டில் 'கோபம்' என்று எழுதிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து, என் கையில் இருந்த எலி ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டு, "நீ ஏன் எல்லாரையும் கடிக்கிறேன்னு எனக்குப் புரியவே இல்ல" என்றது. முதலை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. பிறகு, "பல்லு வலிக்குது. அதான்" என்றது.

"எந்தப் பல்லு?" என்று கேட்டது எலி.

வாயைப் பெரிதாகத் திறந்து, கடைசிக்குள்ளே ஒரு பல்லைக் காட்டினான். "இது. ரொம்ப நாளா வலிக்குது. யாரும் பாக்கல."

அன்று எலி செய்தது ஒன்றுதான். வாய்க்குள் எட்டிப்பார்த்து, "ஆமா. வலிக்கத்தான் செய்யும் போல" என்றது. வலிக்கு மருந்து சொல்லவில்லை, கடிக்கக்கூடாது என்று சொல்லவில்லை. முதலை எலியைக் கடிக்காமல் பக்கத்தில் படுத்துக்கொண்டது. 'கோபம்' என்று எழுதிய பக்கத்தை நான் கிழிக்கவில்லை. அடித்துவிட்டு அதன் கீழே அவன் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதிவைத்தேன். குறிப்பு எழுதுகிறவர்களுக்கு இதுதான் நான் சொல்லக்கூடியது: அமர்வு முடிந்ததும் முதல் ஐந்து நிமிடத்தில் குழந்தையின் சொற்களை அதே பேச்சுத் தமிழில், அதே வரிசையில் எழுதிவிடுங்கள். 'வலியை வெளிப்படுத்தினான்' என்று எழுதினால் அது உங்கள் சொல். 'பல்லு வலிக்குது, யாரும் பாக்கல' என்பதுதான் அவன் சொன்னது.

பொம்மையை வைத்துப் பாடம் நடத்தும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. 'கோபம் வந்தால் பத்து வரை எண்ண வேண்டும்' என்று நாய் சொன்னால் குழந்தை கேட்டுக்கொள்ளும் என்று நினைப்போம். சமூகத் திறன்களைக் கற்றுத்தர ஆமை, டைனோசர் என்று பாவைகளை வைத்து நன்றாகத் திட்டமிட்டு நடத்துகிற வகுப்புகள் உண்டு, அவை தேவையானவை. ஆனால் குழந்தை மனசைத் திறக்கிற இடத்தில் அதே பொம்மை உபதேசம் செய்யத் தொடங்கினால், அது இன்னொரு பெரியவராகிவிடுகிறது. ஒருமுறை உபதேசம் செய்த பொம்மையிடம் குழந்தை மறுபடி ரகசியம் சொல்வதில்லை. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு தனிப் பொம்மைகள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டே ஆக வேண்டிய சமயங்களுக்கு ஓர் அழகான முறை இருக்கிறது. 1998-இல் மெசெல்லும் அவருடைய சக ஆய்வாளர்களும் விவரித்த பெர்க்லி பாவை நேர்காணல் அது. நான்கிலிருந்து எட்டு வயது வரையிலான குழந்தைகளுக்காக உருவாக்கியது. ஒரே மாதிரி இரண்டு நாய்க்குட்டிப் பாவைகள், பெயர் இக்கி, ஸிக்கி. ஒன்று "எனக்கு நிறைய நண்பர்கள் இருக்காங்க" என்று சொல்லும். மற்றது "எனக்கு நிறைய நண்பர்கள் இல்ல" என்று சொல்லும். பிறகு "உனக்கு?" என்று கேட்கும். இரண்டு பதிலையும் யாரோ ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள், இரண்டுமே நல்ல நாய்க்குட்டிகள்தான். அதனால் சரியான பதில் எது என்று குழந்தை நம் முகத்தில் தேட வேண்டியதில்லை. ஆராய்ச்சிக்கான அந்த முழு நேர்காணலை நான் நடத்துவதில்லை, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். ஆனால் அந்த நுணுக்கத்தை எடுத்துக்கொண்டேன். "ஸ்கூலுக்குப் போகப் பிடிக்கும்" என்று பறவை சொன்னால், அதே தொனியில், அதே கனிவோடு "எனக்குப் பிடிக்கல" என்று எலி சொல்லும். தொனியில் கொஞ்சம் வித்தியாசம் வந்தாலும் குழந்தை கண்டுபிடித்துவிடும். கண்ணாடி முன்னால் நின்று பழகினேன்.

வீட்டில் மட்டும் பேசும், வேறு இடங்களில் ஒரு சொல்லும் வராத குழந்தைகளிடம் பேசாத பொம்மையைத்தான் அறிமுகப்படுத்துவேன். அதுவும் பேசாது. தலையாட்டும், காதில் கிசுகிசுக்கும், ஒளியும். பேச வேண்டும் என்ற நெருக்கடி இல்லாத ஒரு கூட்டாளி. முதலில் தலையாட்டல், பிறகு ஏதோ ஒரு சத்தம், பிறகு குழந்தை பொம்மையின் காதில் ஒரு சொல். அந்தச் சொல் எனக்குக் கேட்டாலும் கேட்காத மாதிரிதான் இருப்பேன். அன்றைக்கே பெற்றோரிடம் ஓடிப்போய் "பேசிட்டா!" என்று சொல்லும் ஆசையை அடக்க வேண்டும். அடுத்த வாரம் எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் அது மறுபடி மூடிக்கொள்ளும்.

வயது. மூன்றுக்குக் கீழே இருப்பவர்களிடம் பொம்மையை எதற்கும் பிரதிநிதியாக வைத்துப் பேசுவதில்லை. உளவியலாளர் ஜூடி டிலோச் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு அறையின் சின்ன மாதிரிக்குள் பொம்மை ஒளிக்கப்பட்டதைப் பார்த்த மூன்று வயதுக் குழந்தைகள் நிஜ அறையில் அதே இடத்தில் தேடினார்கள். இரண்டரை வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோரால் அது முடியவில்லை. ஒரு பொருள் அதுவாகவும் இருந்துகொண்டு வேறொன்றையும் குறிக்கும் என்பது அந்த வயதில் பிடிபடுவதில்லை. அவர்களோடு வெறுமனே விளையாடுவேன், அர்த்தம் தேட மாட்டேன். பத்து வயதுக்கு மேல் கூச்சம் வந்துவிடும். "சின்னப் பிள்ளைங்க வருவாங்க, அவங்களுக்கு ஒரு பொம்மை செஞ்சு தர்றியா?" என்று கேட்டால் பழைய சாக்ஸும் பொத்தானும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். கை தைத்துக்கொண்டிருக்கும்போது வாய் தானாகப் பேசும். பாவைகளைக் கண்டாலே பயப்படும் குழந்தைகளும் உண்டு. அவர்களிடம் பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு எதிரே போகக் கூடாது. தரையில் படுக்க வைத்துவிட்டு விலகிவிடுங்கள். தொட்டால் தொடட்டும்.

அடிதடி வரும். பொம்மை பொம்மையை அடிப்பதைத் தடுக்க மாட்டேன். ஆனால் பொம்மையை மாட்டிய கையால் என்னை அடிக்க வந்தால் அங்கே கோடு உண்டு. விளையாட்டு சிகிச்சையாளர் கேரி லேண்ட்ரெத் கற்பித்த வரிசையைத்தான் பின்பற்றுகிறேன்: முதலில் உணர்ச்சியை ஏற்றுக்கொள்வது, பிறகு எல்லையைச் சொல்வது, பிறகு மாற்று வழியைக் காட்டுவது. "முதலைக்கு என் மேல கோபம். ஆனா என்னை அடிக்கிறதுக்கு இல்ல. இந்தத் தலையணையை அடிக்கலாம்." குரல் உயராமல், ஒவ்வொரு முறையும் இதே சொற்கள்.

இப்போது எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. பொம்மை விசாரணைக் கருவி இல்லை. யாரோ தனக்குத் தீங்கு செய்கிறார்கள் என்பதற்கான அறிகுறி குழந்தையின் விளையாட்டில் தெரிந்தால், அங்கே பொம்மையை வைத்து மேலும் தோண்டக் கூடாது. "நாய் எலியை எங்க தொட்டுச்சு? அது மாமாவா?" போன்ற கேள்விகள் குழந்தையின் நினைவிலேயே கலந்துவிடும். விளையாட்டில் இருக்கும் குழந்தை நம் கேள்விக்கு ஏற்ற பதிலைக் கதைக்காகவும் சொல்லும். பிறகு எது நடந்தது, எது விளையாட்டு என்று யாராலும் பிரிக்க முடியாது. அது அந்தக் குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய பாதுகாப்பையே கெடுக்கும். குழந்தை சொன்னதை, நான் கேட்ட கேள்வியோடு சேர்த்து, சொல்லுக்குச் சொல் எழுதுவேன். குழந்தை நேரடியாகவே சொன்னால் என் பொம்மையைக் கீழே வைத்துவிட்டு, என் சொந்தக் குரலில், "நீ சொன்னதைக் கேட்டேன். சொன்னது நல்லது. உன் மேல எந்தத் தப்பும் இல்ல" என்று சொல்வேன். அதன் பிறகு அங்குள்ள சட்டப்படி குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்களிடம் தெரிவித்துவிடுவேன். விவரம் கேட்பது அதற்கென்று பயிற்சி பெற்றவர்களின் வேலை. இப்படி ஒரு நிலை வந்தால் ரகசியம் காக்க முடியாது என்பதைக் குழந்தைக்குப் புரிகிற மாதிரி முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பெற்றோர் வாசலிலேயே கேட்பார்கள்: "இன்னைக்கு என்ன மேடம் சொன்னான்?" கேட்கத்தான் செய்வார்கள், பெற்ற மனசு. பொம்மைகள் பேசியதை நான் சொல்வதில்லை. சொன்னால் வீட்டுக்குப் போகிற வழியிலேயே "உனக்குப் பல்லு வலியா?" என்று கேட்டுவிடுவார்கள். அதற்குப் பதிலாக வீட்டில் என்ன செய்யலாம் என்று பேசுவோம். முதலைப் பையனின் அம்மாவிடம், தினமும் பத்து நிமிடம் அவனோடு தரையில் உட்காருங்கள், அவன் சொல்கிற விளையாட்டு, நீங்கள் எதையும் திருத்த வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். "அவ்வளவுதானா?" என்று கேட்டார். மூன்றாவது வாரம் அவரே, "பத்து நிமிஷம் இவ்வளவு நீளமா இருக்கும்னு நான் நினைக்கல" என்றார். அந்தப் பத்து நிமிடத்தில் எத்தனை முறை திருத்த வாய் வந்தது என்று அவர் எண்ணிப் பார்த்திருந்தார்.

வீட்டில் செய்கிறவர்களுக்கு ஒரு பழைய சாக்ஸ் போதும், இரண்டு பொத்தான் தைத்தால் கண். ஆனால் அந்த சாக்ஸை வைத்து "யார் கிளாஸை உடைச்சது?" என்று கேட்டுவிடாதீர்கள். துப்பறியப் பயன்படுத்திய பொம்மைக்கு அன்றோடு வேலை முடிந்தது. குழந்தை பொம்மையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு விளையாட்டுக்குப் போனால் போகட்டும், மறுபடி எடுத்து நீட்ட வேண்டாம்.

ஆமைப் பையனுக்கு வருகிறேன். அந்த நான்கு வாரமும் நான் கார்களோடு இருந்தேன். கூடையைக் கிட்டே நகர்த்தி வைக்கும் ஆசை வந்தபோதெல்லாம் கையைக் கட்டிக்கொண்டேன். ஐந்தாவது வாரம் அவனே போய் இரண்டு பொம்மைகளை எடுத்து வந்தான். ஆமையை என்னிடம் நீட்டினான். "நீங்க ஆமை. நான் எலி."

ஆமைக்குள் கையை விட்டேன். "தலையை உள்ள இழுங்க" என்றான். இழுத்தேன். "இப்ப ஆமை என்ன சொல்லணும்?" என்று கிசுகிசுத்தேன். "ஒன்னும் சொல்லாது" என்றான். எலி ஓட்டின் மேல் ஏறியது, இறங்கியது, சுற்றி வந்தது. பிறகு என் மணிக்கட்டை ஒட்டிப் படுத்துக்கொண்டு, "வெளிய வர வேணாம். நான் இங்கயே இருக்கேன்" என்றது. நான் செய்திருக்க வேண்டியதை அவன் எனக்குச் செய்து காட்டினான். அன்று அமர்வு முடியும்வரை ஆமை வெளியே வரவில்லை, எலியும் போகவில்லை. என் கை மரத்துப்போனது.

அடுத்தடுத்த வாரங்களில் ஆமை மாறி மாறி எங்கள் இருவர் கையிலும் இருந்தது. தலை கொஞ்சம் வெளியே வரும், சத்தம் கேட்டால் உள்ளே போகும். ஒருநாள் ஓட்டுக்குள் எலியையும் கூட்டிப்போய்க் காட்டினான். இரண்டு பேர் இருந்தால் இருட்டு கொஞ்சம் கம்மி என்றது எலி. நான் யாருக்கு என்று கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் நேரம் முடிந்து வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். கையில் பொம்மை எதுவும் இல்லை. லேஸைப் பார்த்தபடியே, "தம்பி ஆஸ்பத்திரில இருந்தப்ப எல்லாரும் அங்க போய்ட்டாங்க அக்கா. நைட்டு நான் பாட்டி வீட்ல இருந்தேன். எனக்கு பயமா இருந்துச்சு. தம்பி செத்துப்போய்டுவான்னு நினைச்சேன்" என்றான்.

நானும் வாசல்படியில் உட்கார்ந்தேன். "தனியா அவ்வளவு பயத்தோட இருந்தியா" என்றேன். "ம்" என்றான். லேஸை இரண்டு முறை முடிச்சுப் போட்டான். எழுந்து இரண்டு அடி போனவன் திரும்பி, அடுத்த வாரமும் ஆமை கூடையில் இருக்குமா என்று கேட்டான். இருக்கும் என்றேன்.